காய்க்காத செழிப்பு

அன்புள்ள மகளுக்கு,

உதவி தோட்டக்கலை அலுவலராகப் பொறுப்பேற்றிருக்கிறாய். இந்த வருஷம் வேலைக்கு வந்திருக்கும் உன் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். காய்ப்புழு, வாடல், அழுகல் எல்லாம் விவசாயியே கண்டுபிடித்து உன்னைக் கூப்பிட்டுவிடுவார். அவர் நோய் என்றே ஒப்புக்கொள்ளாத ஒன்று உண்டு. கத்தரியில் வரும் சிற்றிலை நோய்.

வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மட்டும் குத்தாகத் தழைத்து நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார். கத்தரி இலைக்கு உரிய சுணை இருக்காது. மெத்தென்று வழவழப்பாக, வெளிறி, ஒடுங்கியிருக்கும். காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும், இலை தண்டோடு அவ்வளவு ஒட்டியிருக்கும். கணுக்கள் நெருங்கி, ஒவ்வொரு கணுவிலும் பக்கக் கிளை வெடித்து, தலைகீழாக நட்ட துடைப்பம் மாதிரி ஆகிவிடும். பூ வராது. வந்தாலும் ஊதா நிறம் ஏறாமல் பச்சையாகவே இருக்கும்.

அதைக் காட்டினால் உனக்கு என்ன பதில் வரும் தெரியுமா? “நல்லாத்தானுங்க தழைச்சிருக்குது அம்மணி, கொஞ்சம் உரம் வெச்சா காய்ப்புக்கு வந்துராதுங்களா?” வராது. அதைச் சொல்லத்தான் நீ அங்கே போயிருக்கிறாய். பச்சையாக நிற்கும் செடியைப் பிடுங்கு என்று சொல்வது, காய்ந்த செடியைப் பிடுங்கச் சொல்வதைவிடப் பல மடங்கு கடினம்.

காரணம் தெரிந்தால் உனக்கே உறுதி வரும். இந்த நோயை 1939இல் கோயம்புத்தூரிலிருந்து தாமஸும் கிருஷ்ணசுவாமியும் முதலில் பதிவு செய்தார்கள். வெகுகாலம் வைரஸ் என்றே நம்பினோம். 1967இல் ஜப்பானில் டோய் குழுவினர், மல்பெரியிலும் உருளைக்கிழங்கிலும் வரும் இதே மாதிரி நோய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இவற்றுக்குக் காரணம் செல்சுவரே இல்லாத ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். இன்று அதற்கு ஃபைட்டோபிளாஸ்மா என்று பெயர். இலையில் தயாராகும் உணவு இறங்குகிற குழாய்களுக்குள் அது குடியிருக்கிறது. சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் செடிக்குச் செடி கொண்டுபோகிறது.

அந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் இந்த இனத்து நுண்ணுயிர் ஒன்றை ஆராய்ந்தவர்கள், அது சுரக்கும் புரதங்களைத் தனித்தனியே எடுத்து ஒரு சோதனைச் செடியில் பார்த்தார்கள். ஒன்று, பூவை உருவாக்கும் செடியின் புரதங்களைச் சிதைத்துப் பூ வர வேண்டிய இடத்தில் இலையை வரவைக்கிறது. இன்னொன்று செடியின் தற்காப்பைக் குறைக்கிறது. அப்படிப்பட்ட செடியில் தத்துப்பூச்சி கூடுதலாக முட்டையிடுகிறது. விவசாயி உரம் வைத்துக் காப்பாற்ற நினைக்கும் அந்தப் பச்சை, பூச்சிக்கென்று நோய் போட்டு வைத்திருக்கும் பந்தி. இதை அவரிடம் அவர் மொழியில் சொல். புரிந்துகொள்வார்.

“என்ன மருந்து அடிக்கட்டும்?” என்ற கேள்வி கட்டாயம் வரும். எதையாவது எழுதிக் கொடுத்தால் மரியாதை, எழுதாவிட்டால் ஒன்றும் தெரியாத அலுவலர் என்றாகிவிடுமோ என்று கை துறுதுறுக்கும். எழுதாதே. டெட்ராசைக்கிளின் கொடுத்தால் அறிகுறி கொஞ்ச நாள் பின்வாங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். மனிதருக்கு வேண்டிய மருந்தை, நாம் தின்னும் காயில் தெளிக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். தத்துப்பூச்சிக்கு அடிப்பது அடுத்த செடிகளைக் காக்கும். துடைப்பமான செடியை மீட்காது. அதிலும் நேரம் முக்கியம். நோயை எடுத்த பூச்சி சில வாரம் கழித்துத்தான் பரப்பத் தொடங்கும், அதன்பின் சாகும்வரை பரப்பும். அறிகுறி வெளியே தெரியும்போது பரவல் எப்போதோ நடந்திருக்கும். அதனால் நடவு முடிந்ததிலிருந்தே வரிசை வரிசையாக நடந்து பார்க்கச் சொல். வெயில் ஏறுமுன் பூச்சி மந்தமாக இருக்கும்போது பிடுங்கி, சாக்கில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்தட்டும். முதல் செடியை நீயே பிடுங்கு.

அவசரப்பட்டும் முடிவு சொல்லிவிடாதே. துத்தநாகக் குறையிலும் இலை சிறுக்கும், ஆனால் அது வயலில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு செடி துடைப்பமாகி, ஒட்டி நிற்கும் செடி நன்றாகக் காய்த்திருந்தால் சந்தேகம் இந்த நோயின் பக்கம் திரும்பட்டும். பூவைப் பார்த்து உறுதி செய்துகொள்.

வரப்பையும் பார். ஊமத்தை, நித்தியகல்யாணி இரண்டிலும் இந்த நோய் தங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, மறுதாம்புக்காக வெட்டிவிட்ட பழைய கத்தரித் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே புது நாற்றங்கால் போடுவது. ஒட்டுக் கத்தரி இப்போது பெருகுகிறது; இந்த நோய் ஒட்டு வழியாகவும் போகும். தாய்ச்செடி சுத்தமானதா என்று நாற்றுப்பண்ணையில் கேட்க வேண்டியது உன் வேலை.

உன் வட்டாரத்தில் எள் இருந்தால் பூக்கும் பருவத்தில் ஒரு நடை போய் வா. அங்கே இதே இனத்து நோயில் பூவே இலைக்கொத்தாகிவிடும், அந்த இடத்தில் காய் பிடிக்காது. ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை போடச் சொல்வது அங்கே பழைய பரிந்துரை. மலையோரம் என்றால் சந்தன மரங்களையும் அண்ணாந்து பார். 1899இல் குடகில் கண்ட ஸ்பைக் நோய் இந்தக் குடும்பம்தான். மரத்தில் அதன் அறிகுறி தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் மரமே போய்விடும். கண்ணில் பட்டால் அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்