நாவலப்பிட்டியில் குடியிருப்போர் வாகனத்தை எங்கே நிறுத்துவது?

நாவலப்பிட்டிக்கு 1874 ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. அது ஹற்றன் வரை மலையேறுவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில், மேல்மலைத் தோட்டங்களின் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டிகளில் இறங்கி வந்து ரயிலேறும் கடைக்கோடி நிலையமாக விளங்கிய இவ்வூர், ஒரு புறம் மகாவலியும் மறுபுறம் மலைச்சரிவும் நெருக்கி நிற்க, நிலையத்தை அண்டியே கடைவீதி கண்டு வளர்ந்தபடியால், மோட்டார் வாகனங்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கி அமைந்த ஊரன்று. லீசிங் போட்டு ஒரு முச்சக்கரவண்டியையோ சிறு காரையோ வாங்கிவிட்ட குடும்பஸ்தருக்கு, அதை ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதே பெரிய பிரச்சினையாகிவிடுவதற்கு மூலகாரணம் இதுவே.

கண்டியில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, வாகனத்தை அந்நகரம் வரை கொண்டுபோவதா, பாதிவழியில் கம்பளையில் விட்டுவிடுவதா, அன்றி நாவலப்பிட்டியிலேயே நிறுத்திவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ செல்வதா என்பதாகும். கண்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கம்பளை அதில் சுமார் பாதித் தூரம். தூரம் பெரிதன்று. பேராதனையைக் கடந்து நகரத்துக்குள் பிரவேசிக்கும் கடைசிச் சில கிலோமீற்றரே காலை வேளையில் பொறுமையைச் சோதிப்பது. 1998 இல் தலதா மாளிகையின் வாயிலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்குப் பின், மாளிகையின் முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டு, அவ்வழியே சென்ற போக்குவரத்தெல்லாம் ஏரியின் மறுகரையைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்ததிலிருந்து, மலைகளுக்கிடையே கிண்ணம் போல் அமைந்த அந்நகரத்தின் நெரிசல் முன்னிலும் கடுமையாயிற்று. மாநகரசபையின் வீதியோரக் கட்டணத் தரிப்பிடங்களில் காலையில் இடம் பிடிப்பது பிரயாசை. சிற்றி சென்டர் போன்ற வணிகக் கட்டடங்களின் உள்தரிப்பிடங்களோ மணிக்கணக்கில் கட்டணம் பெறுவதால், இரண்டொரு மணி நேர வேலைக்கு ஏற்றவையே தவிர, காலை முதல் மாலை வரை வண்டியை விட்டுவைக்கும் ஊழியருக்குக் கட்டுப்படியாகா. ஆடி, ஆவணியில் எசல பெரஹரா நடைபெறும் மாலைகளில் வீதிகள் மூடப்படுவதையும் கணக்கிற் கொள்ள வேண்டும். ஆகவே, நோயாளியையோ நடக்கமாட்டாத முதியோரையோ பாரமான சாமான்களையோ கொண்டுபோகும் நாட்களில் மட்டும் வாகனத்தைக் கண்டிக்குள் செலுத்துவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

கம்பளையில் வண்டியை விட்டு பஸ் மாறுவது சிலருக்குப் பிடித்த மத்திய மார்க்கம். ஆனால் எரிபொருட்செலவில் பாதியும், தரிப்பிடச் செலவும், பஸ் கட்டணமும் ஒருசேரச் சுமக்க நேரிடுவதால், மாலையில் கம்பளையில் பிள்ளைகளைப் பிரத்தியேக வகுப்பிலிருந்து அழைத்துவருவது போன்ற தனிக்காரியம் உள்ளவர்களைத் தவிர மற்றவர்க்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

மூன்றாவது வழியே பெரும்பாலோருக்கு உகந்தது. பஸ் அடிக்கடி உண்டு, ரயில் சிலவே. அதற்குப் பதிலாக ரயிலில் வீதி நெரிசல் இல்லை. பருவச்சீட்டு எடுத்தவருக்குச் செலவும் சொற்பம். உலப்பனை, கம்பளை, கெலிஓயா என்று நின்று செல்லும் காலைக் கோச்சி நேரே கண்டிக்குப் போகிறதா, அன்றிப் பேராதனைச் சந்தியோடு கொழும்புப் பாதையில் திரும்பிவிடுகிறதா என்பதை ஏறுமுன் விசாரித்துக்கொள்ளுதல் அவசியம். பின்னதாயின் பேராதனையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். பல்கலைக்கழகத்திலோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலோ வேலை செய்வோருக்கு அதுவே சௌகரியமும்கூட. மண்சரிவினால் இருப்புப்பாதை மூடப்படும் காலங்கள் மலைநாட்டில் உண்டாகையால், பஸ்ஸின் நேரத்தையும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

இனி, வாகனத்தை ஊரிலே நிறுத்துவதென்றால் எங்கே நிறுத்துவது? வீதியோரம், பிறர் முற்றத்தில் மாதவாடகைக்கு எடுத்த இடம், சொந்த வீட்டருகே சரிவை வெட்டி அமைக்கும் கொட்டகை என்று மூன்று உபாயங்கள் உண்டு. வீதியோரம் செலவற்றது, ஆனால் நமது குறுகிய வீதிகளில் ஒரு கார் ஒதுங்கி நின்றாலும், வைத்தியசாலைக்கு விரையும் அம்புலன்ஸும் பாடசாலைப் பிள்ளைகளும் அதனால் வழியிழக்கிறார்கள். மழைநீர் ஓடும் கானின் மேலும் மதகின் வாயிலிலும் வண்டியை நிறுத்துவது அதனினும் கேடு. அடைபட்ட கானின் தண்ணீர் கீழ்வீட்டுக்காரரின் அடுப்படிக்கே போய்ச் சேரும்.

சரிவிலே நிறுத்துவதில் உள்ள சங்கடம் விசேஷமானது. மலைவீதியின் ஒரு புறம் வெட்டப்பட்ட மண்மேடு, மறுபுறம் பள்ளம். முன்சக்கரங்களை மேட்டின் பக்கம் திருப்பி நிறுத்தினால், தடை நழுவினாலும் வண்டி மேட்டில் முட்டி நின்றுவிடும் என்பதால், வரண்ட மாதங்களில் மேட்டோரமே பத்திரமானது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் அதே மேடுதான் சரிந்து வண்டியின் மேல் விழக்கூடியது. நமக்கு மேலேயுள்ள வட்டவளை, ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஸ்தலம். அதில் கணிசமான பங்கு நமக்கும் உண்டு. ஆகவே பருவத்துக்கேற்ப இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மேட்டில் புதிய வெடிப்போ, சாய்ந்த மரமோ, திடீரெனக் கலங்கலாய்க் கசியும் ஊற்றோ கண்டால் அன்றைக்கே வண்டியை அகற்றிவிடுவது புத்தி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்கவும், 150 ஐத் தாண்டினால் அபாயப் பகுதியிலிருந்து வெளியேறவும் எச்சரிக்கை விடுக்கிறது. முதலாவது எச்சரிக்கையின்போதே வண்டியைச் சமதரைக்கு இறக்கிவிட்டால், இரண்டாவதின்போது மனிதரைப் பற்றி மட்டும் கவலைப்படலாம்.

சக்கரத்துக்குக் கட்டை போடும் வழக்கத்தைச் சிறுமையாக எண்ணலாகாது. ஈரத்தில் நாட்கணக்காக நிற்கும் வண்டியின் கைத்தடையை இறுக்கி வைத்தால், பின்சக்கரத் தடைப்பட்டை துருவேறி உருளையோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரைப் பூட்டி, ஆப்பு வடிவில் சீவிய பலாக்கட்டையொன்றைச் சக்கரத்தோடு நெருக்கி வைத்து, கைத்தடையைத் தளர்த்திவிடுவது நல்லது. செங்குத்தான சரிவிலோ அதைத் தளர்த்தவே கூடாது. உருண்டைக் கல் வேண்டாம். பாரம் ஏறியதும் அது புரண்டுவிடும்.

சொந்தக் கொட்டகை யாவருக்கும் ஆசைதான். ஆயினும் வீட்டுக்குப் பின்னால் சரிவை நேர்ச்சுவராக வெட்டி இடம் பண்ணுவது, வீட்டையே பணயம் வைக்கும் காரியம். அபாயப் பிரதேசங்களில் கட்டடம் எழுப்ப மேற்சொன்ன நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி நம் நன்மைக்கானது. அனுமதியும், தாங்குசுவருக்கும் நீர் வடிகாலுக்கும் பணமும் இல்லாதவர், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், சமதரையும் வாயிற்கதவும் உள்ள ஒரு வீட்டு முற்றத்தை மாதவாடகைக்குப் பேசிக்கொள்வதையே நான் எல்லாவற்றினும் மேலாகக் கருதுகிறேன். பேசும்போது, முதற்கோச்சிக்குப் போகும் நேரத்தில் வாயிலைத் திறப்பது யார், சாவியின் ஒரு பிரதி வீட்டுக்காரரிடம் இருக்குமா, வெள்ள நாளில் அவர் வண்டியை நகர்த்தலாமா, அவர் வீட்டில் கலியாணமோ துக்கமோ நேர்ந்தால் எத்தனை நாளைக்கு இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே சொல்லி, வாடகைப் பணத்துக்கு ஒரு துண்டு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.