பசளைச் செலவைக் குறைக்க உதவும் நல்ல பங்கசு

ஊருக்குத் திரும்பிய முதற் போகத்தில் காணி துப்புரவாக்க, கிணறு இறைக்க, வேலி அடைக்க என்று செலவு வரிசையாக வரும். பசளையையும் கடனுக்கு வாங்கித் தோட்டம் செய்தால், விளைச்சல் பொய்க்கும்போது கடன் மட்டுமே மிஞ்சும். பசளைச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்க உங்கள் காணி மண்ணிலேயே ஓர் உதவி இருக்கலாம்.

இது என்ன?

பங்கசு என்றதும் பயிர் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் எல்லாப் பங்கசும் கெட்டதல்ல. வேரோடு சேர்ந்து வாழும் ஒரு வகைப் பங்கசு உண்டு. இதனை வேர்ப்பங்கசு (மைக்கோரைசா) என்பர். தலைமயிரிலும் மெல்லிய அதன் இழைகள், வேர் எட்டாத இடத்துக்கும் பரவி பொசுபரசையும் நீரையும் பயிருக்குக் கொண்டுவரும். பதிலுக்குப் பயிர் தான் தயாரித்த சீனியில் ஒரு பங்கைக் கொடுக்கும்.

நாம் இடும் பொசுபரசில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். செம்மண்ணில் இது அதிகம். அதை எடுத்துக்கொடுப்பதே இப்பங்கசின் வேலை. வெங்காயம், மிளகாய், கத்தரி, தக்காளி, பயற்றை ஆகியவற்றுக்கு இது பயன் தரும். கோவா, முள்ளங்கி போன்றவற்றின் வேரில் இது சேராது.

புல்பூண்டு வளர்ந்து கிடந்த காணியில் இப்பங்கசு பெரும்பாலும் உயிரோடிருக்கும். இயந்திரத்தால் மேல்மண் வழிக்கப்பட்ட காணியில் குறைந்திருக்கும். அங்கு பெருக்கி இடுவது நல்லது.

வீட்டில் பெருக்கும் முறை

1. 3 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி ஆழமான குழி வெட்டி, அடியில் சில துளைகள் இட்ட பழைய பொலித்தீனை விரியுங்கள்.
2. மண்ணும் மணலும் கலந்து குழியை நிரப்புங்கள். காணியில் புல் அடர்ந்து வளர்ந்த இடத்தில், மேலிருந்து அரை அடிக்குள் உள்ள மண்ணை வேரோடு ஒரு கடகம் எடுத்துக் கலவுங்கள்.
3. சோளம், இறுங்கு அல்லது குரக்கனை நெருக்கமாக விதையுங்கள். இரசாயனப் பசளை இடவேண்டாம்.
4. மூன்று மாதம் நீர் ஊற்றுங்கள். பின் பயிரை அடியோடு அரிந்து, 10 நாள் நீர் ஊற்றாது விடுங்கள்.
5. வேரைக் கிண்டி எடுத்துச் சிறிதாக நறுக்கி அதே மண்ணோடு கலவுங்கள். நிழலில் வைத்து அடுத்த போகத்திலேயே பாவியுங்கள்.

நாற்று நடும்போது குழிக்கு ஒரு பிடி, வேரில் படும்படி இடுங்கள். நாற்றுமேடையில் விதைக்குக் கீழே ஓர் அங்குலத் தடிப்பில் பரப்பலாம்.

பசளையை எப்படிக் குறைப்பது?

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதற் போகத்தில் ஒரு பாத்தியில் மட்டும் ரீ.எஸ்.பி. பசளையை அரைவாசியாக்கி, மற்றப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விளைச்சல் குறையாவிட்டால் அடுத்த போகத்தில் மற்றப் பாத்திகளிலும் குறையுங்கள். பொசுபரசு மிதமிஞ்சினால் பங்கசு வேரில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்பங்கசு யூரியாவுக்கு மாற்றல்ல. நைதரசனுக்கு நன்கு உக்கிய மாட்டெரு, கூட்டெரு, கிளிசரிடியா இலை ஆகியவற்றை இடுங்கள்.

பங்கசைக் காப்பாற்ற

• குப்பையைப் பாத்தியின் மேல் எரிக்காதீர்கள்.
• தேவைக்கு மேல் மண்ணைக் கொத்திப் புரட்டாதீர்கள்.
• போகங்களுக்கிடையில் நிலத்தை வெறுமையாக விடாது கௌபி, பயறு அல்லது சணல் விதையுங்கள்.
• பங்கசுநாசினியை மண்ணில் ஊற்றாதீர்கள்.

மிகவும் கவனிக்க

• மண்ணோ இலைக்குழையோ எடுக்கப் பற்றைக்காட்டுக்குள் போகவேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்ட இடத்தில் மட்டுமே கிண்டுங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாது கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை மண் எடுக்க அனுப்பாதீர்கள்.
• கத்தரி, தக்காளி வாடிச் செத்த இடத்து மண்ணையும், வேரில் முடிச்சு விழுந்த இடத்து மண்ணையும் எடுக்கவேண்டாம். நோயும் சேர்ந்து பெருகும்.

உங்கள் மண்ணுக்கு எவ்வளவு பசளை போதும் என்பதை அறிய, அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழியில் தொடங்கினால் வேலையும் இலகு, கிடைப்பதையும் பகிர்ந்துகொள்ளலாம்.