விதையை மூடி வை, மண்வெட்டியை எடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கொல்லையைச் சுத்தம் செய்து, வகைவகையாய் விதையும் வாங்கிவிட்டாயாம். ஐப்பசி பிறந்ததும் எல்லாவற்றையும் ஊன்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. இந்தப் புரட்டாசி முடிவதற்குள் தண்ணீர் வெளியேற வழி பண்ணு. அதுதான் இப்போதைய வேலை.

நான் இருக்கும் பண்ருட்டிப் பக்கம் செம்மண். எவ்வளவு கொட்டினாலும் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். நீ இருக்கும் கீரப்பாளையம் அப்படியில்லை. வீராணம் ஏரி பாயும் களிமண் பூமி, நெல்லுக்கென்றே அமைந்தது. அடைமழையில் ஏரி நிரம்பி உபரியைத் திறந்தால் வெள்ளாறும் பெருகும். வாய்க்காலெல்லாம் முட்டி நிற்கும்போது கொல்லைத் தண்ணீர் எங்கே போகும்? சம்பா நாற்று அதைத் தாங்கும், கத்தரி தாங்காது. தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை. ஈரத்திலேயே நிற்கிற செடி மழை விட்ட வெயிலில் இலையைத் தொங்கப்போடும். வாடுகிறதே என்று இன்னொரு குடம் ஊற்றிவிடாதே. அடியில் வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

மூன்று அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடு. இரு கைக்கும் எட்டுகிற அகலம் அது, பாத்திக்குள் காலை வைக்கவே வேண்டியதில்லை. பாத்திகளுக்கு நடுவில் வெட்டும் வடிகால் எல்லாம் வாய்க்கால் பக்கம் சரிந்திருக்கட்டும். மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்துவிடு. வெட்டுமுன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் அன்றைக்கு மண்வெட்டியைத் தொடாதே. ஈரக் களியை வெட்டினால் காய்ந்ததும் செங்கல்தான், தை வரைக்கும் உடையாது.

கிழக்கு மூலைப் பள்ளத்தை என்ன செய்தாலும் மேடாக்க முடியாது. அங்கே சேம்பும் பொன்னாங்கண்ணியும் வை, இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும். தண்டுக்கீரையை மழையில் விதைக்காதே, சேறு தெறித்து அழுகும். சாப்பாட்டுக்குக் கீரை வேண்டுமென்றால் தாழ்வாரத்து ஓரம் தொட்டியில் போட்டுக்கொள்.

ஆடியில் போட்ட அவரை இன்னும் பூக்கவில்லை என்று கவலைப்பட்டிருக்கிறாய். கொடி அவரை பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூக்கும். கார்த்திகை வரட்டும். பனி இறங்கியதும் அசுவினி கொத்துக்கொத்தாய் மொய்க்கும். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளி. பந்தல் காலை மட்டும் இப்போதே ஆழமாக ஊன்றி, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டு. 2011இல் தானே புயல் கரை கடந்தது டிசம்பர் 30, மார்கழி பாதி. கார்த்திகை போனால் மழை போச்சு என்று நம்பி இருந்த எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் அன்று வேரோடு சாய்ந்தன. நம் ஊரில் பொங்கல் வருவதற்குள் கயிற்றைத் தளர்த்தக் கூடாது.

மழை நாளில் வெளியே வேலை இருக்காது. அப்போது நோட்டில் கொல்லையை வரைந்து வை. எந்தப் பாத்தியில் மறுநாளும் தண்ணீர் நின்றது, போன வருஷம் எங்கே எது இருந்தது என்று குறித்துக்கொள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த இடத்தில் அடுத்தது போட்டால் மண்ணிலிருக்கும் வாடல் நோய் தொடர்ந்து வரும். அந்த இடத்துக்குக் காராமணி, கொத்தவரை. பரங்கிக்கும் பூசணிக்கும் வேலியோரம் இடம் விடு, தையில் ஊன்றலாம்.

நாற்றுக்குக் கணக்கு இதுதான். மிளகாய்க்கு 40 நாளாவது வேண்டும், கத்தரிக்கு 30, தக்காளிக்கு 25. தை பாதியில் நடுவதாக வைத்துப் பின்னோக்கி எண்ணு. மிளகாய் விதையைக் கார்த்திகைக் கடைசியிலேயே போட்டாக வேண்டும். விதையோடு சூடோமோனாஸ் நுண்ணுயிர்த் தூளைப் புரட்டி, குழித்தட்டில் போட்டுத் திண்ணையில் வை. காற்று அடித்தால் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

கத்தரி விதை நீ வாங்காதே. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் எனக்குப் பக்கம்தான். அவர்களுடைய ரகத்தை வாங்கித் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் வாய்க்கால் வாயில் அடைத்திருக்கும் கோரையை அப்பாவிடம் சொல்லி வெட்டிவிடு.

அன்புடன்,
அத்தை