காயலான் கடைக்கு எங்கே இடம்?

அன்புள்ள கயல்,

சுழற்சிப் பொருளாதாரத்துக்கு நகர வடிவமைப்பு எப்படி உதவும் என்று கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்களாமே, அம்மா சொன்னாள். தேடினால் முதலில் டென்மார்க்கின் கலுண்ட்போர்க் வந்து நிற்கும். அங்கே மின்நிலையத்தின் நீராவி பக்கத்து ஆலைகளுக்குக் குழாயில் போகும். நல்ல உதாரணம்தான். ஆனால் ஆவடியில் இருக்கிற நீ அவ்வளவு தூரம் போவானேன்? பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நட.

அறுபதுகளில் உருவான பேட்டை அது. இன்று தமிழக அரசு நிறுவனமான சிட்கோவின் கையில். ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் நின்று பார். கடைசலில் சுருள் சுருளாக விழும் இரும்பு ஒரு டிரம்மில், வார்ப்பிரும்புத் தூள் இன்னொன்றில், அலுமினியமும் பித்தளையும் தனித்தனியாக. கலந்துவிட்டால் விலை இறங்கிவிடும். எண்ணெயை வடிக்காத சுருளென்றால் காயலான் கடைக்காரர் எடையில் கழிவு போட்டுத்தான் எடுப்பார். குட்டியானை வண்டியில் ஏறும் இரும்பு கும்மிடிப்பூண்டி உலைகளில் உருகி, கம்பியாகத் திரும்பி வரும். திருமுல்லைவாயில் அடுக்குமாடி ஒன்றின் தூணில்கூட அது இருக்கலாம். இதற்கெல்லாம் யாரும் விழிப்புணர்வுப் பேரணி நடத்தவில்லை. விலை இருக்கிறது, கடை பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அருகாமைக்குத்தான் இப்போது ஆபத்து. எஸ்டேட்டில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பிவிட்டன, இடத்தின் மதிப்பு ஏறுகிறது. காயலான் கடை என்றாலே முகம் சுளிக்கும் குடியிருப்புகள் வேறு. கடை பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், சின்னப் பட்டறையின் ஐம்பது கிலோவுக்கு வண்டி வாடகைகூடக் கட்டாது.

விலையே இல்லாத சரக்கும் உண்டு. இயந்திரம் துடைத்து எண்ணெய் ஊறிப்போன பனியன் வேஸ்ட், கிரைண்டிங் சேறு இவற்றை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். சந்தை கைவிட்ட இந்த இடத்தில்தான் வடிவமைப்புக்கு வேலை. நாலு தெருவுக்கு ஒன்றாகக் கூரை போட்ட பொதுச் சேகரிப்புக் கொட்டகை, லாரி திரும்ப அகலம், எண்ணெய் மழைநீர் வடிகாலில் இறங்காத தரை. பக்கத்துக் கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை நீ படித்திருப்பாய்.

தண்ணீர் விஷயத்தில் இப்படி ஓரளவு செய்திருக்கிறோம். கோயம்பேட்டில் 2019 முதல், சாக்கடை நீரை எதிர் சவ்வூடுபரவல் வரை சுத்திகரித்து, பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடிய நிலையம். நீர் எங்கே சேர்கிறது, யாருக்குத் தேவை என்று பார்த்துக் குழாய் பதித்ததால் வந்த பலன். ஆலைகள் இன்னும் கிட்டே இருந்திருந்தால் குழாய்ச் செலவு குறைந்திருக்கும் என்பதையும் குறித்துக்கொள்.

இடம் ஒதுக்குவதில்தான் குறை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதம் திறந்தவெளிக்கு என்று விதி வைத்திருக்கிறோம். பழைய பொருள் பிரிக்கும் இடம் என்று குறித்த ஒரு லேஅவுட் வரைபடம் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கானது; அடுத்ததில் இதைக் கேட்கலாம். கேட்பதற்கு வரைபடம் வேண்டும். எஸ்டேட்டின் காயலான் கடைகளையும், ஒவ்வொன்றுக்கும் சரக்கு எந்தப் பட்டறையிலிருந்து வருகிறது என்பதையும் குறித்து அனுப்பு. காலையில் போகாதே, மாலை நாலு மணிக்கு மேல் போ. அப்போதுதான் டிரம்கள் வெளியே வரும்.

அன்புடன்,
மாமா