நான்கு வயல்களின் சராசரி: புள்ளியியல் முதுகலை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம், மணலூர்ப்பேட்டை, தியாகதுருகம் பக்கம் பி.எஸ்சி. கணிதம் முடிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பி.எட். என்றோ போட்டித் தேர்வு என்றோ பதில் வரும். எம்.எஸ்சி.யில் பயன்பாட்டுப் புள்ளியியல் என்று ஒன்று இருக்கிறதே என்றால், காற்றுவாக்கில் கேட்ட சில அபிப்பிராயங்கள்தான் திரும்பி வருகின்றன. ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுப் படிப்பை அந்தப் பேச்சுகள் முடிவு செய்துவிடக் கூடாது.

“அது டவுன் படிப்பு. நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

உண்மை இதற்கு நேர் எதிர். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. மகசூல் இழப்புக்கு இழப்பீடு உண்டா இல்லையா என்பதை உங்கள் வயல் மட்டும் முடிவு செய்வதில்லை, கிராமத்தின் சராசரி மகசூல் முடிவு செய்கிறது. அந்தச் சராசரி பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருகிறது. ஒரு கிராமத்தில் ஒரு முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்பது திட்டத்தின் விதி.

எந்த சர்வே நம்பர், எந்த வயல் என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தேர்ந்தெடுப்பார்கள். வயலின் கன்னி மூலையில் நின்று, மறுபடியும் சமவாய்ப்பு எண்களின்படி நீளவாட்டில் இத்தனை அடி, அகலவாட்டில் இத்தனை அடி என்று நடந்து போய், நின்ற இடத்தில் முளை அடிப்பார்கள். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் பக்கத்தில் நிற்கலாம். அந்த 25 சதுர மீட்டரை 400ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர். தராசில் அரை கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 200 கிலோ பிசகும்.

உதாரணத்துக்கு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு இடங்களில் கிடைத்த நெல் 8, 14, 11, 15 கிலோ என்று வையுங்கள். சராசரி 12. ஹெக்டேருக்கு 4,800 கிலோ என்று தாளில் ஏறிவிடும். ஆனால் இந்த நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்தால் திட்ட விலக்கம் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. நான்கே நான்கு அளவுகளை வைத்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், உண்மையான சராசரி 7 கிலோவிலிருந்து 17 கிலோவுக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். ஹெக்டேருக்கு 2,800 கிலோவா, 6,800 கிலோவா? ஒன்றில் இழப்பீடு கிடைக்கும், மற்றொன்றில் கிடைக்காது. தாளில் ஏறுவதோ 4,800 மட்டும்தான்.

இவ்வளவு குறைந்த அளவுகளிலிருந்து எவ்வளவு தூரம் துணிந்து பேசலாம் என்பதற்கு வழி கண்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்ததுதான் எம்.எஸ்சி. மாணவர்கள் இன்றும் போடும் டி-சோதனை. அவர் கையாண்டவற்றில் பார்லி மகசூலும் ஒன்று.

கயிற்றின் நீளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ், சின்னச் சின்ன அறுவடைத் துண்டுகளே போதும் என்று வாதிட்டார். இன்னொரு புள்ளியியலாளரான பி.வி. சுகாத்மே அதை மறுத்தார். துண்டு சிறியதாக இருந்தால் கயிற்றின் ஓரத்தில் நிற்கும் கதிர்களைச் சேர்ப்பதா விடுவதா என்ற சந்தேகம் எழும், அறுப்பவர் கை அவற்றை உள்ளேயே சேர்த்துவிடும், மகசூல் உள்ளதைவிடக் கூடிவிடும் என்று 1940களில் வயலில் சோதித்தே காட்டினார். இந்தியப் புள்ளியியலின் பெரிய விவாதங்களில் ஒன்று இப்படி வரப்பில் நின்று நடந்தது. ஓரக்கதிர் எது என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் அந்நியமாக இருக்க நியாயமே இல்லை.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். இதுக்குப் போய் ஒரு படிப்பா?”

பானைக்குள் எல்லாப் பருக்கைக்கும் ஒரே தீ, ஒரே தண்ணீர். அதனால் அங்கே அந்தப் பழமொழி சரி. மாவட்டம் அப்படி இல்லை.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்றுதான் தனி மாவட்டமானது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வோ 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்ட எல்லைகளின்படி நடந்தது. ஆகவே குழந்தைகளின் ஊட்டச்சத்து, ரத்தசோகை, பிரசவம் பற்றிய அதன் எண்கள் பழைய விழுப்புரத்துக்கு உரியவை. மரக்காணம் கடற்கரை மீனவக் குப்பத்தையும் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் கிராமத்தையும் சேர்த்து எடுத்த சராசரி அது. மலையில் இருப்பவர்கள் தொகையில் குறைவு, அதனால் அவர்கள் நிலை அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு வீடாக எடுக்கப்படுவது. ஊர்களைப் பிரித்துக் கூட்டினால் புதிய மாவட்டத்துக்கும் எண் கிடைக்கும். சில குடும்பங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் கூறெடுப்பில் வந்த எண்ணை அப்படிப் பிரிக்க முடியாது, ஒரு வட்டாரத்தில் சிக்கிய குடும்பங்கள் மிகச் சிலவாகவே இருக்கும். இருக்கிற கொஞ்சத் தரவோடு மற்ற விவரங்களையும் சேர்த்து, சின்னப் பகுதிகளுக்கு நம்பத்தகுந்த மதிப்பீடு செய்வதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வளர்ந்திருக்கிறது. அதில் உலகம் முழுக்க வாசிக்கப்படும் நூலை எழுதியவர் ஆந்திராவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ஜே.என்.கே. ராவ். கல்வராயன் மலைக்கு இந்த வேலையைச் செய்ய, மலையை அறிந்த ஒருவர் அந்தப் பாடத்தைப் படித்து வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.

“கணக்குப் புலியா இருந்தாத்தான் முடியும்.”

பாதி உண்மை. வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், அணிகள், நிகழ்தகவு இவை நான்கும் கைவசம் இல்லாமல் முதல் செமஸ்டரைத் தாண்டுவது கடினம், இதை மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கு மேல் வேண்டியது பொறுமையும், ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் குணமும்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தடுமாற்றம் ஆங்கிலப் பாடநூலில் வரும், கணக்கில் அல்ல. தமிழ்நாட்டு மேல்நிலைப் புள்ளியியல் பாடநூல் தமிழிலேயே இருக்கிறது. கூறெடுப்பு, எடுகோள், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு எல்லாவற்றையும் அதில் தெளிவாகப் படித்துவிட்டு ஆங்கில நூலைத் திறந்தால் பாதி பயம் போய்விடும்.

“கம்ப்யூட்டரே எல்லாம் போட்டுடும்.”

போடும். ஆர் என்ற மென்பொருள் இலவசம், நான்கு வயல்களின் சராசரியை அது கண் இமைப்பதற்குள் தரும். கயிறு எங்கே கட்டப்பட்டது என்று மட்டும் அதற்குத் தெரியாது.

“படிச்சா வாத்தியார் வேலைதான்.”

யு.பி.எஸ்.சி. ஆண்டுதோறும் அறிவிக்கும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை நம் பக்கத்தில் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. 1961இல் உருவான பணி அது. இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது முதுநிலை வேண்டும். தகுதிப் பட்டியலில் பயன்பாட்டுப் புள்ளியியல் என்ற பெயரே வெளிப்படையாக இருக்கிறது, ஆகவே ‘அந்தப் பட்டம் செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு டி.என்.பி.எஸ்.சி. உதவிப் புள்ளியியல் புலனாய்வாளர்களை எடுக்கிறது. கல்லூரி ஆசிரியராக விரும்பினால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கணித அறிவியல் தாளில் புள்ளியியல் இருக்கிறது.

மருத்துவ ஆராய்ச்சி இன்னொரு பெரிய வாசல். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. இருநூறுக்கும் குறைவான நோயாளிகள்தான். வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என்று 1959இல் முடிவு வெளியானது. அதனால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுவதும் இல்லை என்பது அடுத்து வந்த அறிக்கைகளில் தெரிந்தது. காசநோய்க்காரர்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கிடந்த வழக்கம் உலகமெங்கும் மாறியதற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். இந்த வேலைக்கு ஆள் உருவாக்கும் உயிரிப் புள்ளியியல் முதுகலை, வேலூர் சி.எம்.சி.யிலேயே இருக்கிறது.

“அதுக்கெல்லாம் செலவு யார் பண்றது?”

கேட்க வேண்டிய கேள்விதான். பெண் பிள்ளைகளுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும், முதுகலைக்கு அதை நம்பி இருக்க முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. கல்வராயன் மலை மாணவர்கள் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மூன்றிலும் புள்ளியியல் துறை இருக்கிறது. புதுச்சேரிக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லாததோடு மாத உதவித்தொகையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். நுழைவுத் தேர்வு கடினம்தான், ஆனால் பழைய வினாத்தாள்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எங்கே சேர்ந்தாலும் கட்டணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கூறெடுப்பு, சோதனை வடிவமைப்பு, தொடர்புப் போக்கு மூன்றுக்கும் செய்முறை இருக்கிறதா, மாணவர்கள் வெளியே போய்த் தரவு சேகரித்து வரும் திட்டப்பணி இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். இருக்கிறது என்றால், போன ஆண்டு மாணவர்கள் செய்த ஒரு திட்டப்பணி அறிக்கையைக் காட்டச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள்.