வலி பழகிவிடாது, சேணத்தைப் பாருங்கள்

மைசூரில் குதிரையேற்றம் கற்கும் பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் தொல்லை ஒன்று உண்டு. சேணத்தின் முன்பகுதி அந்தரங்க உறுப்பில் அழுத்தி எரிச்சலையும் மரத்துப்போவதையும் உண்டாக்கும். "போகப் போகப் பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தொடைத்தோல் காய்த்துப்போகலாம், நரம்பு அழுத்தத்துக்குப் பழகாது.

பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக அகலம். உட்காரும்போது தாங்கும் இரு எலும்புகளும் சற்றுத் தள்ளி இருக்கும். ஆனால் 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் பாய்ந்த மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை காலத்துச் சேணம் ஆண் வீரனின் உடலுக்கு அமைந்தது. ஒலிம்பிக்கின் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் பெண்கள் போட்டியிட்டதே 1952 ஹெல்சிங்கியில்தான். ஆகவே பொருந்தாத சேணம் உங்கள் குறையல்ல.

முதலில் அங்கவடியைப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை பாதித் தொல்லை இங்கேதான். முன்பு ஏறியவரின் அளவிலேயே பட்டை தொங்கும். அது நீளமாக இருந்தால் கால்விரல் நுனியால் எட்டிப் பிடிப்பீர்கள், உடல் எடை முழுவதும் கவட்டில் இறங்கும். ஏறியதும் காலைத் தளரத் தொங்கவிடுங்கள். அங்கவடியின் அடித்தட்டு கணுக்கால் எலும்பைத் தொட வேண்டும். தொடாமல் கீழே போனால் இரண்டு துளை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

பிறகு, குதிரைமேல் வைத்த சேணத்தைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இருக்கையின் பள்ளம் நடுவில் இருக்க வேண்டும். பின்புறம் தூக்கியிருந்தால் ஒவ்வொரு ட்ராட்டிலும் முன்னே சறுக்குவீர்கள். முன்னால் மெத்தை செருகுவது தற்காலிகம்தான். குதிரையின் முதுகுக்கே பொருந்தாத சேணத்தை எந்த மெத்தையும் திருத்தாது, குதிரைக்கும் வலிக்கும். சொந்தமாக வாங்குவதென்றால், கான்பூர் சரக்கானாலும் வெளிநாட்டுச் சரக்கானாலும் உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பின்பகுதி இரு எலும்புகளையும் தாங்க வேண்டும், முன்பகுதி செங்குத்தாக எழும்பக் கூடாது.

ஜீன்ஸ் வேண்டாம், அதன் நடுத்தையல்தான் உராய்வுக்கு முதல் காரணம். தையலில்லாத உள்ளாடையும், அதன்மேல் மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸும் போதும். தொடையிடுக்கில் மெல்லிதாக வாஸலின் தடவுங்கள். ஏப்ரல் வெயிலில் சவாரி முடிந்ததும் வியர்த்த உடையை உடனே மாற்றிவிடுங்கள்.

மரத்துப்போனது மறுநாளும் நீடித்தாலோ, இரத்தக்கசிவோ சிறுநீர் எரிச்சலோ இருந்தாலோ சவாரியை நிறுத்திவிட்டு மகளிர் நல மருத்துவரிடம் போங்கள். குதிரை ஏறுவதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.