நாணயத்தில் கலப்படம்: பழி யார் மேல்?

கலப்படம் என்றாலே எல்லோருடைய பார்வையும் மளிகைக்கடை மேல்தான் விழுகிறது. ஆனால் அரசாங்கமே வெள்ளிக் காசில் செம்பைக் கலந்துவிட்டு, விலைவாசி ஏறியபோது வணிகர்கள் மேல் பழி போட்ட வரலாறும் உண்டு. ரோமானியப் பேரரசில் நடந்த அதனை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

மாற்று குறைந்த விதம்

ரோமானியரின் வெள்ளிக் காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோம ராத்தலுக்கு (சுமார் 327 கிராம்) 84 காசுகள் அடித்தார்கள். வெள்ளியும் ஏறக்குறைய சுத்தமானது. கி.பி. 64-ல் நீரோ மன்னன் அதே ராத்தலுக்கு 96 காசுகள் அடிக்கச் செய்தான், செம்பையும் கூட்டினான். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் (193-211) வெள்ளி ஏறக்குறைய பாதியாயிற்று. 215-ல் காரகல்லா, இரண்டு காசுக்குச் சமம் என்று ஒரு புதுக் காசை வெளியிட்டான். அதில் இருந்ததோ சுமார் ஒன்றரைக் காசின் வெள்ளி! காலியனஸ் ஆட்சி முடிந்த 268-ல் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்புக்கு வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான்.

வணிகர்கள் என்ன செய்தார்கள்?

கரூர், கோவைப் பகுதிகளில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகப் பல, நீரோவுக்கு முந்திய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே. மாற்றுக் குறைந்த காசை இங்குள்ளோர் விரும்பவில்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பேரரசுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. 260-ல் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரில் காசுக்கடைக்காரர்கள் அரசனின் காசை வாங்க மனமின்றிக் கடையை அடைத்தார்கள். கடையைத் திறக்க வேண்டும், கள்ளக்காசு தவிர எல்லாக் காசையும் வாங்க வேண்டும் என்று அவர்களுக்கும் மற்ற வியாபாரிகளுக்கும் அதிகாரி இட்ட உத்தரவு இன்றும் இருக்கிறது.

பழி விழுந்தது

காசின் மதிப்பு இறங்க இறங்க, சாமான் விலை ஏறியது. 301-ல் டயோக்ளீஷியன் 1,200-க்கும் மேற்பட்ட இனங்களுக்கு உச்சவிலை விதித்தான். விலையேற்றத்துக்குக் காரணம் பேராசை என்றது ஆணை. காசில் கலந்த செம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. மீறினால் மரண தண்டனை! பயத்தில் சரக்கு சந்தைக்கே வரவில்லை என்று அக்கால எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் எழுதியிருக்கிறார்.

பின்னர் கான்ஸ்டன்டைன், ராத்தலுக்கு 72 என்ற கணக்கில் சாலிடஸ் என்னும் தங்கக் காசை அடித்தான். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் அதன் எடையும் மாற்றும் பெரிதும் மாறவில்லை. வணிகர்கள் நம்பி வாங்கினார்கள்.

நமக்குள்ள பாடம்

விலையேற்றத்துக்கு எப்போதும் கடைக்காரர் காரணமல்ல. ஆயினும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது நம்மைத்தான். கொள்முதல் சீட்டு கையில் இருந்தால் பதில் சொல்லலாம். நம் எடையிலும் சரக்கிலும் குறையிருந்தால் எந்த நியாயமும் எடுபடாது. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அதை மறவாதிருப்போம்.